குயின்ஸில் நீங்கள் ஆசையாகப் போகும் இடங்கள் எவை? ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள்

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூயார்க்கில் ஃபாரஸ்ட் ஹில்ஸுக்குக் குடிவந்து ஒரு குளிர்காலம் கழிந்திருக்கிறது. மே மாதம் பாளையங்கோட்டையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், ஆகஸ்ட் கடைசி வரை இருப்பார்கள். சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், எம்பயர் ஸ்டேட் எல்லாம் போன தடவையே தம்பி கூட்டிப்போய்க் காட்டிவிட்டான். இந்தத் தடவை நாங்கள் குடியிருக்கும் குயின்ஸ் பகுதியையே காட்ட வேண்டும் என்று ஆசை.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எவ்வளவு தூரமானாலும் நடப்பார். அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏறுவது கஷ்டம். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. வார நாட்களில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம் என்பதால், அவர்களாகவே போய்வரக்கூடிய இடமும் ஒன்றிரண்டு வேண்டும். தேடினால் வரும் "டாப் 10" பட்டியல் என்னிடமே இருக்கிறது. லீவு நாளில் நீங்கள் எங்கே போவீர்கள், அதைச் சொல்லுங்கள்.

—

பவுன்தெரு எழுதியது:

வருக. நீங்கள் கேட்ட கேள்வியே எனக்குப் பிடித்திருக்கிறது. குயின்ஸைப் பார்க்க வேண்டுமானால் காரை வீட்டில் விட்டுவிட்டு 7 ரயிலில் ஏறுங்கள். இந்த ஊரில் பார்க்க வேண்டியவை ஜனங்கள் வாழும் தெருக்களே. அந்தத் தெருக்களின் தலைக்கு மேலேயே ஓடுகிறது 7. ஃபாரஸ்ட் ஹில்ஸிலிருந்து இ அல்லது எஃப் எக்ஸ்பிரஸ் பிடித்தால் அடுத்த நிறுத்தம் ரூஸ்வெல்ட் அவென்யூ. அங்கே மேலே ஏறி 7-க்கு மாறி, கடைசி நிலையமான ஃபிளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள்.

முதல் நாள் பிள்ளையாரிடம் போவதுதான் முறை. பவுன் தெருவில் இருக்கும் மகா வல்லப கணபதி கோயிலுக்கு 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் நடந்தது. அமெரிக்காவில் நம் முறைப்படி எழுந்த பழைய கோயில்களில் அது ஒன்று. கீழ்த்தளத்தில் கேன்டீன். சனி, ஞாயிறு வரிசை நீளும், வார நாளில் காற்றாடும். எண் கூப்பிட்டதும் போய்த் தட்டை வாங்கிக்கொண்டு நீள மேசையில் உட்கார வேண்டும். பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் பொடி தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும். எதிரே காலேஜ் பிள்ளைகள். உங்கள் அம்மா எந்தப் பலகாரத்தையும் விசாரிக்காமல் சாப்பிடலாம்.

கோயிலோடு திரும்பிவிடாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அதே பவுன் தெருவில் வடக்கே கால் மணி நேரம் நடந்தால் ஒரு சின்ன மரவீடு வரும். 1661-ஐ ஒட்டிக் கட்டியது. ஜான் பவுன் என்பவர் வீடு. அப்போது இது டச்சுக்காரர் ஆட்சி. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடித் தொழக் கூடாது என்று கவர்னர் ஸ்டைவசண்ட் தடை போட்டிருந்தார். 1657 டிசம்பரில் ஃபிளஷிங் ஊர்க்காரர்கள் முப்பது பேர் அளவில் கையெழுத்துப் போட்டு, அந்தத் தடைக்கு எங்கள் மனசாட்சி இடம் தராது என்று எழுதிக் கொடுத்தார்கள். போட்டவர்கள் குவேக்கர்கள் அல்லர், அக்கம்பக்கத்துக்காரர்கள். சில வருஷம் கழித்து ஜான் பவுன் தன் வீட்டிலேயே குவேக்கர்களைக் கூட விட்டார். 1662-இல் அவரைப் பிடித்து, நாடு கடத்தி ஹாலந்துக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே போய் வழக்காடி, ஜெயித்துத் திரும்பி வந்தார். அவர் பெயர் வைத்த தெருவில்தான் இன்றைக்கு நம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். ஊரிலிருந்து வரும் யாரையும் நான் கோயிலுக்கும் அந்த வீட்டு வாசலுக்கும் சேர்த்தே கூட்டிப்போவேன். வீட்டுக்குள் பார்க்க முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவும். வெளியே நின்று பார்க்க யார் அனுமதியும் வேண்டாம்.

—

நெல்லைச்சீமை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. ஜான் பவுன் கதை எனக்குத் தெரியவே தெரியாது. 7 ரயில் நிலையங்கள் எல்லாம் உயரத்தில் இருக்கின்றனவே, அம்மா எப்படி ஏறுவார்?

—

எழுபத்துநாலாம்தெரு எழுதியது:

நான் பதில் சொல்றேன், எங்கம்மாவுக்கும் இதே பிரச்சனை. எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் கிடையாது. 7 லைன்ல மெயின் ஸ்ட்ரீட், ஜங்ஷன் புல்வார்டு, 74 ஸ்ட்ரீட் - ரூஸ்வெல்ட், உட்சைடு 61, இந்த நாலையும் மனசுல வச்சுக்கோங்க. எல்லாத்துலயும் லிஃப்ட் இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி எம்.டி.ஏ. (இங்க ரயில், பஸ் நடத்துற நிறுவனம்) தளத்துல அன்னிக்கு லிஃப்ட் வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

அப்புறம் ஜாக்சன் ஹைட்ஸ். இங்க வர்ற நம்ம ஆளுங்க 74வது தெருவுல இறங்கி, படேல் பிரதர்ஸ்ல கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிட்டு, ஒரு நகைக்கடை கண்ணாடிய எட்டிப் பாத்துட்டு அப்படியே ரயிலேறிடுறாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தம். அம்மாவுக்கு பாண்டி பஜார் அங்கயே இருக்கே!

இப்படிப் பண்ணுங்க. 37வது ரோடுல டைவர்சிட்டி பிளாசான்னு ஒரு திறந்த இடம், வண்டி வராது. நேபாளிகள், திபெத்தியர்கள், வங்காளிகள் எல்லாம் டீ கிளாஸோட நின்னு அரசியல் பேசிட்டிருப்பாங்க. சுத்தி இருக்கிற கடைகள்ல காய்கறி மோமோ கிடைக்கும், ஆவியில வேகவச்சது. உள்ள என்னன்னு கேட்டுட்டு வாங்குங்க. அங்கிருந்து 34வது அவென்யூவுக்கு நடங்க. 2020-ல கொரோனா நேரத்துல, வீட்டுப் பக்கத்துல காலாற நடக்க இடமில்லைன்னு இந்தத் தெருவுல பகல்ல வண்டிய நிறுத்தினாங்க. 69வது தெருவுலேர்ந்து ஜங்ஷன் புல்வார்டு வரைக்கும் 26 பிளாக். கொரோனா போச்சு, தெருவ ஜனங்க விடல. இன்னைக்கும் சாயங்காலம் பாட்டிங்க நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க, பிள்ளைங்க சைக்கிள் கத்துக்கும். உங்கம்மா முட்டிவலியோட நிம்மதியா நடக்க இதைவிட நல்ல இடம் குயின்ஸ்ல இல்ல. மேடு பள்ளம் இல்ல, உக்கார இடம் உண்டு.

81வது தெருவும் 35வது அவென்யூவும் சேர்ற முனையில தெருப் பலகைய நிமிர்ந்து பாருங்க. ஒவ்வொரு எழுத்துக்குக் கீழயும் சின்னதா ஒரு எண் இருக்கும், ஸ்கிராபிள் ஆட்டத்துல அந்த எழுத்துக்கு உள்ள மதிப்பு. அந்த ஆட்டத்தை உண்டாக்கின ஆல்ஃபிரட் பட்ஸ் இந்தப் பேட்டைக்காரர். பக்கத்து மெதடிஸ்ட் சர்ச்சுலதான் ஆரம்பத்துல ஆடிப் பாத்தாங்க.

—

புறநகர்_வாசகன் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று. ரூஸ்வெல்ட் அவென்யூவில் தலைக்கு மேல் ரயில் சத்தம், கீழே நடைபாதை முழுக்கக் கடை, கூட்டம். வயதானவர்களை அங்கே கூட்டிப்போவது சரியா? அமைதியாக ஒரு பூங்கா போதாதா?

—

எழுபத்துநாலாம்தெரு எழுதியது:

திருநெல்வேலி டவுன்ல ஆனித் தேரோட்டம் பாத்தவங்களுக்கு இந்தக் கூட்டம் எம்மாத்திரம்? ரூஸ்வெல்ட்ல ரொம்ப தூரம் நடக்க வேண்டாம்ங்கறது நியாயம்தான். ரெண்டு பிளாக் வடக்கே வந்துட்டா 1910, 20கள்ல தோட்டத்தை நடுவுல விட்டுச் சுத்திக் கட்டின குடியிருப்புங்க, மரநிழல், ஒரு சத்தம் இருக்காது. ரெண்டும் சேந்ததுதான் ஜாக்சன் ஹைட்ஸ். அமைதியை மட்டும் காட்டினா பாதி ஊரத்தான் காட்டினதா ஆகும்.

—

வன்னிமகள் எழுதியது:

நாங்கள் டொரண்டோக்காரர். குயின்ஸில பெரியம்மாவின்ர மகள் இருக்கிறா. கோடை லீவுக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறனாங்கள். எங்கட வீட்டில எல்லாருக்கும் பிடிச்ச இடம் ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவுக்குள்ள இருக்கிற குயின்ஸ் மியூசியம். அதுக்குள்ள நியூயார்க் நகரம் முழுக்க ஒரு மண்டபத்தில படுத்திருக்குது! 1964ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக ராபர்ட் மோசஸ் எண்டவர் செய்விச்ச மாதிரி நகரம். 9,335 சதுர அடி, 8,95,000 கட்டடம். நூறு அடிக்கு ஒரு அங்குலம் எண்ட கணக்கு, எம்பயர் ஸ்டேட்டே ஒரு அடியைவிடச் சொட்டுத்தான் உயரம். சுற்றிவரச் சரிவுப் பாதை போட்டிருக்கினம், படி ஏறத் தேவையில்லை, சக்கர நாற்காலியும் போகும். மேல வெளிச்சம் மெல்ல மங்கி இரவாகும், பிறகு விடியும். லகார்டியா விமான நிலையத்தில இருந்து ஒரு குட்டி விமானம் கம்பியில ஏறிப் போகும். என்ர சின்னவன் அதைப் பாத்துக்கொண்டே நிண்டவன், இழுத்துக்கொண்டு வரவேண்டிப் போச்சு.

இரட்டைக் கோபுரம் இண்டைக்கும் அதில நிக்குது. அதைக் கண்டு கனபேர் கதைக்காமல் நிற்பினம்.

அம்மாவையும் அப்பாவையும் அந்தப் பாதையில நிப்பாட்டி, உங்கட வீடு எங்க, கோயில் எங்க, தம்பியோட போன இடமெல்லாம் எங்க எண்டு கை நீட்டிக் காட்டுங்கோ. ஊர் பிடிபட்டிடும். திங்கள், செவ்வாய் பூட்டு, பாத்துப் போங்கோ.

—

பவுன்தெரு எழுதியது:

வன்னிமகள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த மியூசியக் கட்டடம் 1939 உலகக் கண்காட்சிக்குக் கட்டியது. 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை அங்கேதான் கூடியது. யூனிசெஃப் அமைப்பை உண்டாக்கியதும், 1947 நவம்பரில் பாலஸ்தீனப் பிரிவினைக்கு ஓட்டெடுத்ததும் அந்தக் கூரையின் கீழ்தான். வாசலுக்கு எதிரே நிற்கும் 140 அடி எஃகு உலக உருண்டையின் முன் எல்லோரும் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பூங்கா முழுவதும் ஒரு காலத்தில் புரூக்ளின் அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டிய மேடு. கோடை மாலைகளில் இன்றைக்கு அதே மண்ணில் ஈக்குவடார்க்காரர்கள் வலை கட்டி வாலிபால் ஆடுகிறார்கள், நம் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

—

தண்டவாளம் எழுதியது:

அப்பா ரயில்வே ஆளா? அவரை என்னிடம் விடுங்கள்!

முதலில் குயின்ஸ்போரோ பிளாசா. பாலத்தின் மேல் இரண்டு அடுக்கு நிலையம். மேல் அடுக்கில் குயின்ஸ் பக்கம் போகும் வண்டிகள், கீழ் அடுக்கில் மன்ஹாட்டன் போகும் வண்டிகள். ஒரே பிளாட்பாரத்தின் இந்தப் பக்கம் 7, அந்தப் பக்கம் 'என்' (N) ரயில். உற்றுப் பார்த்தால் 7-இன் பெட்டி அகலம் குறைவு. ஆரம்பத்தில் இரண்டும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு அளவு, அது இன்றைக்கும் தொடர்கிறது. 7-இல் நடுவே மூன்றாவது தண்டவாளம் ஒன்று உண்டு. காலையில் மன்ஹாட்டன் பக்கமும் மாலையில் ஃபிளஷிங் பக்கமும் எக்ஸ்பிரஸ் அதில் பாயும். நம் வண்டி நிற்கிற நிலையத்தில் அது நிற்காமல் தாண்டிப் போவதைப் பார்த்தால் அப்பா மணி பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அடுத்தது அஸ்டோரியா பூங்கா. ஒரு பக்கம் டிரைபரோ சாலைப் பாலம், மறுபக்கம் 1916-இல் எழும்பிய ஹெல் கேட் ரயில் பாலம். குஸ்தாவ் லிண்டன்தால் வடிவமைத்த எஃகு வளைவு, இரண்டு கல் கோபுரங்களுக்கு நடுவே ஆயிரம் அடிக்கு ஒரே பாய்ச்சல். பாஸ்டன் போகும் ஆம்ட்ராக் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் அதன் மேல் போகின்றன. புல்வெளிச் சரிவில் உட்கார்ந்தால் கீழே ஆற்றில் நீர் சுழித்துக்கொண்டு ஓடும், மேலே எப்போதாவது ஒரு சரக்கு வண்டி நிதானமாக ஊர்ந்து வரும். எனக்கு மனசு சரியில்லாத நாளில் நான் போகும் இடம் இது. 'என்' (N) ரயிலிலோ டபிள்யூவிலோ அஸ்டோரியா புல்வார்டில் இறங்குங்கள், அங்கே லிஃப்ட் இருக்கிறது. அம்மாவுக்கு அங்கிருந்து ஒரு டாக்சி வைத்துக்கொள்ளலாம்.

—

ஜாஸ்காதலன் எழுதியது:

யாரும் கொரோனாவைச் சொல்லவில்லையே. நோயை அல்ல, ஊரைச் சொல்கிறேன். 107வது தெருவில் லூயி ஆம்ஸ்ட்ராங் வீடு. உலகமே கொண்டாடிய எக்காளக் கலைஞர், 1943-இல் அவர் மனைவி லூசில் வாங்கிய அந்தச் சாதாரண செங்கல் வீட்டில் 1971-இல் கண்மூடும் வரை வாழ்ந்தார். மாளிகை வாங்கும் வசதி இருந்தும் தெருவை விட்டுப் போகவில்லை. வீட்டை இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். சமையலறை அலமாரிகள் பளபளக்கும் நீலத்தில், ஒரு மூலை கூர்மையாக இருக்காது, எல்லாம் வளைவு. எழுதும் அறையில் அவரே பதிவு செய்து வைத்த டேப்புகளில் இருந்து அவர் குரலைப் போட்டுக் காட்டுவார்கள். அவர் பேசுகிறார், பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கிறது. வாசற்படியில் தெருப் பிள்ளைகளோடு எக்காளம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் பிரசித்தம், அதே படிதான். எதிரே 2023-இல் புதுக் காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் மாடிப்படி உண்டு, அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

முடித்துக்கொண்டு 108வது தெருவோடு தெற்கே போனால் "லெமன் ஐஸ் கிங்". வெயில் காலத்தில் தெருமுனை வரை ஆள் நிற்கும். எலுமிச்சை ஐஸில் எலுமிச்சைத் துணுக்கே வாயில் தட்டும். இரண்டு சுவையைக் கலந்து கேட்டால் தரமாட்டார்கள். எதிர்ப் பூங்காவில் வயதான இத்தாலியர்கள் குண்டு உருட்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

—

லிபர்ட்டிஅவென்யூ எழுதியது:

என் ஓட்டு ரிச்மண்ட் ஹில்லுக்கு. தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் என்று சொல்லுவேன், நம்மவர்கள் அங்கே அதிகம் போவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

லிபர்ட்டி அவென்யூ முழுவதும் கயானா, டிரினிடாட் மக்கள். 1838 தொடங்கி 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் உண்டு. கயானாவில் அவர்களை இன்றும் மதராசி என்பார்கள். வீராசாமி, முன்சாமி, பெர்மால் என்று குடும்பப் பெயர்கள் வைத்திருப்பவர்கள் என் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். தமிழ் பேச வராது. மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், தப்பு மேளம் அடிக்கிறார்கள், வேப்பிலை வைத்து அருள்வாக்குச் சொல்கிறார்கள். என் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தப்புச் சத்தம் கேட்டது. எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் கேட்ட அடி. கப்பலேறி நூறு வருஷம் தாண்டியும், இரண்டு நாடு மாறியும் அந்த அடியை அவர்கள் விடவில்லை. நான் அழுதுவிட்டேன். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் என் கையில் திருநீறு வைத்தார்.

அழைப்பில்லாமல் கோயிலுக்குள் போய் வேடிக்கை பார்க்க வேண்டாம். முதலில் கடைத்தெருவில் நடங்கள். டபுள்ஸ் சாப்பிடுங்கள். மஞ்சள் போட்டுப் பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி. முட்டை கிடையாது. காரம் எவ்வளவு என்று கேட்பார்கள், கொஞ்சம் என்று சொல்லுங்கள், நம் நாக்கையே சோதிக்கும் மிளகாய். பருப்பைப் பொடித்து உள்ளே வைத்த பூரியும் அம்மாவுக்குப் பிடிக்கும். பூஜைச் சாமான் கடைகளில் பேச்சுக் கொடுங்கள். தமிழ்நாடு என்று சொன்னதும் அவர்கள் முகம் மாறுவதைப் பாருங்கள்.

ஏ ரயிலில் கடைசி நிலையம் லெஃபர்ட்ஸ் புல்வார்டு, லிஃப்ட் உண்டு. ஏ இரண்டாகப் பிரியும், பலகையில் லெஃபர்ட்ஸ் என்று பார்த்து ஏறவும்.

—

நெல்லைச்சீமை எழுதியது:

இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போனில் சொன்னேன். பேச்சியம்மன் கோயில் கொடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வந்ததும் முதலில் ரிச்மண்ட் ஹில் போக வேண்டுமாம்.

—

நீர்க்கரைப்பறவை எழுதியது:

அதே ஏ ரயிலின் மற்றக் கிளை, ஃபார் ராக்கவே வண்டி, கடல் மேலேயே ஓடிப் பிராட் சேனலில் நிற்கும். ஜமைக்கா விரிகுடா பறவைகள் சரணாலயம் அங்கே இருக்கிறது. ஜங்ஷன்களில் மாறச் சிரமமென்றால் கியூ53 பஸ் சரணாலய வாசலிலேயே விடும். அனுமதி இலவசம்.

நெல்லைக்காரர்களுக்குக் கூந்தன்குளம் தெரியும். அங்கே குளிர்காலத்தில் பறவைகள் கூடுகின்றன. இங்கே கோடையில் விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகுகள் கம்பத்து மேல் போட்ட பலகையில் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கின்றன. ஆண்பறவை ஒரு மீனைத் தலை முன்னால் இருக்கும்படி பிடித்துக்கொண்டு வரும், பின்னணியில் மன்ஹாட்டன் கட்டடங்கள், மேலே கென்னடி விமான நிலையத்தில் இறங்கும் விமானம். மேற்குக் குளத்தைச் சுற்றிச் சமதளமான சரளைப் பாதை. 2012 சாண்டி புயலில் கரை உடைந்து கடல்நீர் உள்ளே புகுந்தது, 2017-இல் கரையை மறுபடி அடைத்தார்கள். ஜூன், ஜூலையில் உப்பங்கழி ஆமைகள் பாதை ஓரத்திலேயே குழி தோண்டி முட்டையிடும். தள்ளி நின்று பார்க்கவும். முழுக்கால் உடை அவசியம், புல்லில் உண்ணி இருக்கும், கொசுவும் கடிக்கும். காலை வேளைதான் சரி. நிழல் குறைவு.

—

எழுபத்துநாலாம்தெரு எழுதியது:

இன்னும் சிலது சுருக்கமா. லாங் ஐலண்ட் சிட்டியில கேன்ட்ரி பிளாசா, ஆத்தங்கரையில சாய்வு நாற்காலி, பழைய பெப்சி விளக்குப் பலகை, எதிர்க்கரையில ஐ.நா. கட்டடம். சூரியன் மறையிற நேரம் போங்க. கிழக்குக் கோடியில குயின்ஸ் கவுண்டி ஃபார்ம், 1697லேர்ந்து விவசாயம் நடக்கிற 47 ஏக்கர், கோழி, ஆடு, காய்கறிக் கடை எல்லாம் உண்டு. அப்பா அம்மாவுக்கு அங்க பேச்சு நிறைய இருக்கும். சனிக்கிழமை ராத்திரி நைட் மார்க்கெட் எனக்கு உயிர், ஆனா நின்னுட்டே சாப்பிடணும், சைவம் கம்மி, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் மட்டும் போங்க.

தனியா போறப்ப ஒரு விஷயம். இங்க 37வது அவென்யூ, 37வது ரோடு, 37வது டிரைவ், 37வது ஸ்ட்ரீட் எல்லாம் வேற வேற. அவென்யூ, ரோடு, டிரைவ் கிழக்கு மேற்கு, ஸ்ட்ரீட், பிளேஸ் வடக்கு தெற்கு. கதவு எண்ணுல கோடு போட்டிருக்கும், 45-57 பவுன் ஸ்ட்ரீட்ன்னா 45வது அவென்யூ பக்கத்துல 57ஆம் எண். இத ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி அப்பா சட்டைப் பையில வச்சிடுங்க.

—

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வார நாட்களில் கோயில், 34வது அவென்யூ, அப்பாவுக்குக் குயின்ஸ்போரோ பிளாசா. வாரக் கடைசிகளில் நாங்கள் கூடப் போகும் மற்ற இடங்கள். இப்படி எழுதி வைத்துவிட்டேன். ஏதாவது விட்டுப்போயிற்றா?

—

பவுன்தெரு எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று, அது டிக்கெட் தேதி. ஆகஸ்ட் கடைசியில் அனுப்பிவிட்டால் விநாயகர் சதுர்த்தி தவறிவிடும். உற்சவக் கடைசியில் பிள்ளையார் தேரேறி ஃபிளஷிங் தெருக்களில் வருவார். நாதஸ்வரம் முன்னே போகும், போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வழிவிடுவார்கள், சீனக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். விசாவில் நாள் இருந்தால் செப்டம்பர் கடைசிக்கு மாற்றுங்கள். வடம் பிடிக்க இடம் இருக்கும், நான் நிறுத்தி வைக்கிறேன்.

—

நெல்லைச்சீமை எழுதியது:

மாற்றிவிட்டேன் ஐயா. செப்டம்பர் 28.